காமன் எரிந்தானா? மலையகக் காமன் கூத்தும் வேடத்தின் உயிரும்

காமன் கூத்து, இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில் ஆடப்படும் சடங்குக் கூத்து. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, இராகலை என மலையகத் தமிழர் வாழும் பகுதிகள் பலவற்றில் அது தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண் தீயில் எரிந்ததும், ரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன் அவனை மீட்டுக் கொடுத்ததும் அதன் கதை. அதில் வழிபாடு எங்கே முடிகிறது, ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கூத்துக்குள் ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. எரிந்து சாம்பலான ஒருவன் இன்னும் இருக்கிறான் என்றால், அவன் எவ்வகையில் இருக்கிறான்? ஆடுபவரைப் பற்றியும் அதே கேள்வி எழுகிறது. மன்மதனாக ஆடிய மனிதர் மறைந்தபின் அந்த மன்மதன் எங்கே போகிறான்? பழைய ஆட்டக்காரர்களைத் தோட்டத்துப் பெரியவர்கள் இத்தனை அன்போடு நினைத்திருப்பது வெறும் பழம்பெருமையா, அல்லது அந்த நினைவும் வழிபாட்டின் ஒரு பகுதியா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடையே மற்றவற்றுக்கும் வழிகாட்டுகிறது.

கதையும் அதன் மூலங்களும்

தாட்சாயணியை இழந்த சிவன் யோகத்தில் அமர்ந்துவிடுகிறார். அசுரரின் கொடுமை பெருகுகிறது. சிவனுக்குப் பிறக்கும் மகனால் மட்டுமே அசுரரை அழிக்க முடியும் என்பதால், அவருடைய மோனத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். கரும்பு வில், வண்டுகளாலான நாண், ஐந்து மலர் அம்புகள் ஆகியவை அவனுடைய படைக்கலங்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். ஏவலை மறுக்க இயலாமல் அவன் போகிறான், அம்பு எய்கிறான், எரிகிறான்.

இக்கதையைக் காளிதாசர் குமாரசம்பவத்தில் பாடினார். அதன் மூன்றாம் சருக்கத்தில் மன்மதன் எரிகிறான். நான்காம் சருக்கம் முழுவதும் ரதியின் புலம்பல். தமிழில் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் இதை விரித்துரைக்கிறது. உமையின் திருமணத்துக்குப்பின் சிவன் மன்மதனை எழுப்புகிறார். ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவத்தோடும் மற்றவர்களுக்கு அருவமாகவும் இருக்கும்படி அருள்கிறார். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை, காமனை எரித்த தலமாகவும் அட்டவீரட்டங்களுள் ஒன்றாகவும் போற்றப்படுகிறது. அத்தலத்தின்மேல் அப்பர் பாடிய பதிகங்கள் உள்ளன. வைணவ மரபில் காமன் திருமாலின் மகன். கண்ணனுக்கும் ருக்மிணிக்கும் பிரத்யும்னனாக மீண்டும் பிறந்தவன் என்று பாகவதம் கூறும்.

காமனை வணங்கும் வழக்கமும் பழமையானது. புகாரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி காமதேவனை நோன்பிருந்து வேண்டுவதோடு தொடங்குகிறது. ஆகவே தோட்டத்துப் பொட்டலில் நடும் காமனுக்குப் பின்னால் புராணம், பக்தி இலக்கியம், நாட்டார் வழிபாடு என மூன்று நீரோட்டங்கள் சேர்ந்து வருகின்றன.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மன்மதன் திருமாலின் மகன், உமை திருமாலின் தங்கை. அந்த முறையில் சிவன் மன்மதனுக்கு மாமன் ஆகிறார். தேவலோகத்துச் சண்டையாகப் புராணத்தில் இருப்பது, கூத்தில் மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவே மூண்ட குடும்பத் துயரமாக மாறிவிடுகிறது. தாலியறுத்து நிற்கும் ரதியைப் பார்த்துத் தோட்டத்துப் பெண்கள் அழுவதற்கு இந்த உறவுமுறையும் ஒரு காரணம்.

மலைக்கு வந்த வழி

மலையகத் தமிழரின் முன்னோர் 1820கள் தொடக்கம் தமிழகத்தின் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள். கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியிலேயே மாண்டவர்களும் பலர். 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வணிக அளவில் நட்ட தேயிலை, அதன்பின் மலைகளை மூடியது.

வந்தவர்களிடம் நிலமோ பட்டயமோ இல்லை. குலதெய்வங்களும் பாட்டும் தப்புப் பறையும் கதைகளும் இருந்தன. லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளில் குடியேறியதும் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் முதன்மையான கூத்துகளாக நிலைபெற்றன.

இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். அருச்சுனன் தபசில், பாசுபதம் பெறுவதற்காக அருச்சுனன் தவமிருக்கிறான். வேடம் கட்டியவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். பொன்னர் சங்கரில் அண்ணன்மார் படுகளத்தில் வீழ்கிறார்கள். வீழ்ந்தவர்களை எழுப்புவது அந்தக் கூத்தின் உச்சம். காமன் கூத்தில் எரிந்தவன் மீள்கிறான். தவம், சாவு, மீட்பு ஆகிய மூன்றைச் சுற்றியே மலையகத்துக் கூத்து மரபு முழுவதும் இயங்குகிறது. பாதி வழியில் உற்றாரைப் புதைத்துவிட்டு வந்து சேர்ந்த ஒரு சமூகம், மாண்டவர் மீளும் கதைகளையே ஆண்டுதோறும் ஆடிவந்திருக்கிறது.

கூத்தின் ஒழுங்கு

மாசி அமாவாசைக்குப்பின் பிறை கண்டு காமன் ஊன்றுவது தொடக்கம். லயங்களுக்கு நடுவிலோ கோயிலுக்கு அருகிலோ உள்ள வெளி, காமன் பொட்டல் ஆகிறது. அங்கே மரக்கொம்பு, கரும்பு, வைக்கோல் பிரி முதலியவற்றைக் கொண்டு காமன் கம்பம் நடப்படும். பயன்படும் கொம்பும் தழையும் இடத்துக்கு இடம் வேறுபடும். அந்தப் பருவத்தில் மேற்கு மலைச்சரிவுகளில் மழை குறைந்து, குளிர்ந்த வறண்ட காற்று வீசும். கொழுந்து வரத்தும் தணிந்திருக்கும். வேலைக்கும் வழிபாட்டுக்கும் இடையே தோட்டத்து நாட்காட்டி தந்த இடைவெளி அது.

ரதி, மன்மதன் வேடமேற்போர் காப்புக் கட்டி விரதம் தொடங்குவார்கள். புலாலும் மதுவும் விலக்கப்படும். இரு வேடங்களையும் ஆண்களே கட்டுவது மரபு. கூத்தைப் பழக்குபவரை மாஸ்டர் என்றும் வாத்தியார் என்றும் அழைப்பர். அவரிடம் பாட்டும் அடவும் மட்டுமன்றிச் சடங்கின் முறையும் இருக்கும். பகலில் மலையில் வேலை செய்தவர்கள் இரவில் பொட்டலில் கூடுவார்கள். தப்பின் அடி மாறும்போது ஆட்டத்தின் கதியும் மாறும்.

அடுத்து வரும் இரவுகளில் ரதி மதன் ஆட்டம் நடக்கும். கிரீடமும் தோளணிகளும் சலங்கையும் அணிந்து இருவரும் லயம் லயமாகச் செல்வார்கள். வீட்டுக்காரர் விளக்கேற்றி, தட்டில் அரிசியும் காசும் வைத்து வரவேற்பார்கள். பிள்ளை வரம் வேண்டுவோரும் நோயுற்றோரும் அவர்களிடம் திருநீறு வாங்குவார்கள். நிறைமதியை ஒட்டிய இறுதி இரவில் கதை முழுவதும் ஆடப்படும். தூதன் ஓலை கொண்டு வருவான். வீரபத்திரன், காளி, எமன் ஆகிய வேடங்கள் தோன்றுவதும் உண்டு. ரதி தடுக்க, மன்மதன் விடைபெற, விடியல் நெருங்கும் வேளையில் காமனுக்குத் தீ வைக்கப்படும். ரதியின் புலம்பல் அங்கே தொடங்குகிறது. அது நாடகப் பாட்டாகத் தொடங்கினாலும், தோட்டத்துப் பெண்கள் சாவு வீட்டில் பாடும் ஒப்பாரியின் நடையையே பற்றிக்கொள்கிறது.

எரித்ததோடு கூத்து முடிவதில்லை. சாம்பலுக்குப் பால் தெளிப்பது, குறித்த நாளில் மன்மதனை எழுப்புவது ஆகியவை தொடரும். ஒரு மனிதச் சாவுக்குச் செய்யும் காரியங்களையே சில தோட்டங்கள் காமனுக்கும் செய்கின்றன. எழுப்பிய பின்னரே காப்பு அவிழும்.

காப்புக் கட்டியவர் யார்?

காப்புக் கட்டிய நாள் முதல் அவிழ்க்கும் நாள்வரை அந்த மனிதரைத் தோட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. அவருடைய தாயும் அவரை வணங்குவாள். வயதில் மூத்தவர்களும் அவர் கையால் திருநீறு பெறுவார்கள். காப்பு அவிழ்ந்ததும் அவர் மறுபடி மகனாகவும் தம்பியாகவும் மலையில் வேலை செய்யும் ஆளாகவும் ஆகிவிடுகிறார். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நிற்கும் ஒருவர், இரவில் வரம் கொடுப்பவராக நிற்கும் காலம் அது. நிலமற்றவராகவும் பல காலம் குடியுரிமையற்றவராகவும் வைக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தில், தங்களுள் ஒருவரைத் தெய்வமாகக் காண்பதற்கு அவர்கள் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. இந்தச் சடங்கின் மாண்பில் இது பெரும்பகுதி.

வேடம் தெய்வமாவது மலையகத்துக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது. காசிக்கு எதிர்க்கரையிலுள்ள ராம்நகரில் ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும் ராமலீலாவில், இராமனாகவும் சீதையாகவும் தேர்ந்தெடுக்கப்படும் சிறுவர்கள் முடி சூடியிருக்கும்போது தெய்வ உருவாகவே வணங்கப்படுகிறார்கள். ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமத்தார், 1633இல் கொள்ளைநோயின்போது செய்த நேர்த்திக்காக 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடித்து வருகிறார்கள். அந்த ஊரில் பிறந்தோ நெடுங்காலம் வாழ்ந்தோ இருப்பவரே அதில் நடிக்கலாம். மூன்று இடங்களிலும் திறமைக்கு முன்னால் நேர்த்தி நிற்கிறது. காமன் கூத்தில் நடிகர் என்ற தகுதியை விரதம் தருகிறது. ஊர் அதை ஏற்கிறது.

இந்தியக் கலைக் கோட்பாடு இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறது. கி.பி. 1000ஐ ஒட்டிக் காஷ்மீரத்தில் வாழ்ந்த சைவ ஞானி அபிநவகுப்தர், நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில், பார்ப்பவர் மேடையில் காண்பது குறிப்பிட்ட ஒரு நடிகரையும் அல்ல, எப்போதோ வாழ்ந்த ஓர் அரசனையும் அல்ல என்கிறார். இடம், காலம், ஆள் என்ற எல்லைகள் கழன்று, அந்த உணர்வு எல்லாருக்கும் பொதுவாகி நிற்கிறது என்பது அவருடைய கருத்து. ரதி புலம்பும் இரவில் பொட்டலில் நடப்பது அதுவே. கணவனை இழந்த பெண்ணும், இன்னும் மணமாகாத பெண்ணும், பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிய தாயும் ஒரே அழுகையை அழுகிறார்கள். அந்த அழுகை யாருடையது என்று கேட்டால், எல்லாருடையதும் என்பதே பதில்.

ஆயினும் கோட்பாட்டோடு கூத்து ஓரிடத்தில் முரண்படுகிறது. சுவையை நுகர்ந்து வீடு திரும்பும் பார்வையாளர் காமன் பொட்டலில் இல்லை. விளக்கேற்றியவரும் பால் தெளித்தவரும் அரிசி அள்ளிக் கொடுத்தவரும் சடங்கில் பங்காளிகள். மன்மதன் மீள வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே வேண்டுகிறார்கள்.

எரிந்தானா, எரியவில்லையா?

தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையை ஒட்டி லாவணிப் பாட்டு நடக்கும். மராத்தியர் ஆட்சியோடு அங்கே வந்து தமிழில் வேரூன்றிய கலை அது. பாடகர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, புராணச் சான்றுகளைப் பாட்டிலேயே எடுத்துவைத்து வாதாடுவார்கள். உடல் சாம்பலானதை எல்லாரும் கண்டார்கள், ஆகவே காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. உலகில் காதலும் பிறப்பும் தொடர்கின்றன, ஆகவே அவன் எரியவில்லை என்பது மறு கட்சி.

கந்தபுராணத்தின் விடை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. உருவம் எரிந்தது உண்மை. அவன் அருவமாக நிற்பதும் உண்மை. ரதிக்கு மட்டும் உருவமாகத் தெரிவதும் உண்மை. அன்பு கொண்டவருக்குத் தெரிகிறான் என்பதே இதன் கருத்து. உலகுக்கு இல்லாதவனாகிவிட்ட ஒருவன், அவனை மறக்காத ஒருத்திக்கு முழுமையாக இருக்கிறான்.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நுட்பமாக அணுக உதவுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் வழிவந்த அந்தத் தத்துவத்தில், உள்ள பொருள் முற்றாக இல்லாமல் போவதில்லை. தோன்றிய காரியம் தன் காரணத்தில் ஒடுங்குகிறது; மறுபடி அதிலிருந்து தோன்றுகிறது. இதைச் சற்காரியவாதம் என்பர். இறைவனின் ஐந்தொழில்களில் அழித்தல் என்பது சினத்தின் செயலாகக் கொள்ளப்படுவதில்லை. பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்குக் கொடுக்கும் இளைப்பாறுதலாகக் கொள்ளப்படுகிறது. அப்படிப் பார்த்தால் நெற்றிக்கண் தீ, காமனை ஒழித்த தீ ஆகாது. பருவுடலிலிருந்து நுண்ணிய நிலைக்கு அவனை ஒடுக்கிய தீ அது. சிவனுக்கே மகன் பிறக்க வேண்டும் என்பது கதையின் நோக்கமாக இருக்கையில், காமம் அடியோடு அழிந்துவிட்டால் அந்த நோக்கம் நிறைவேறாது. யோகத்தைக் கலைக்க வந்த வேட்கை எரிந்து, உமையின் தவத்தில் தூய்மை பெற்ற அன்பாகத் திரும்பி வருகிறது. எரித்தவரே மணக்கோலம் கொள்கிறார்.

தோட்டத்து மக்கள் இந்தச் சொற்களைக் கையாள்வதில்லை. ஆனால் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இக்கருத்து புதிதாக இராது. கட்டை மட்டும் மிஞ்சும்படி வெட்டிய தேயிலைச் செடி செத்ததைப்போல நிற்கும். வேரில் ஒடுங்கிய உயிர் சில மாதங்களில் தளிராக வெளிவரும். காமன் ஊன்றலும் எரித்தலும் எழுப்பலும் அந்த நம்பிக்கையையே சடங்காக்குகின்றன.

முன்னாளைய ஆட்டக்காரர்கள்

இப்போது வேடத்தைப் பற்றிய கேள்விக்கு வரலாம். தோட்டங்களில் புதிய ஒருவர் ரதி வேடம் கட்டினால், முன்பு கட்டியவரோடு ஒப்பிட்டுப் பேசுவது பெரியவர்களின் வழக்கம். முன்னவருடைய குரல், அடவின் கனம், புலம்பலில் அவர் மூச்சு எடுத்த இடம் எல்லாம் பேச்சில் வரும். அந்தப் பேச்சில் குறை காண்பதைவிட அன்பே மிகுதி.

மேலை நாடுகளின் இசை நாடகங்களிலும் முதல் நடிகர்மீது இத்தகைய பற்று உண்டு. நியூயோர்க்கின் பிராட்வே அரங்குகளில் 1956இல் தொடங்கி 2,717 முறை மேடையேறிய 'மை ஃபேர் லேடி' நாடகத்தில் ரெக்ஸ் ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூஸும் முதலில் நடித்தார்கள். அந்த முதல் குழுவின் பாடல்கள் இசைத்தட்டாகி உலகெங்கும் பரவின. 1964இல் திரைப்படம் வந்தபோது நாயகியின் வேடம் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் போனதை மேடை ரசிகர்கள் பலர் நெடுங்காலம் மனத்தாங்கலோடு பேசினார்கள். முதலில் கேட்ட குரலே அவர்களுக்கு அந்த வேடத்தின் உண்மையான குரல். இசைத்தட்டு அந்தக் குரலை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது.

மலையகத்தின் முதல் ரதிக்கும் முதல் மன்மதனுக்கும் இசைத்தட்டு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வேடங்களைக் கட்டியவர்களின் பெயர்கள் ஆட்டக்காரர்களாக எந்தப் பதிவேட்டிலும் ஏறியதாகத் தெரியவில்லை; தோட்டக் கணக்கில் அவர்கள் ஆளும் நாட்கூலியுமாக மட்டுமே இருந்தார்கள். அவர்களுடைய ஆட்டம் அடுத்தவரின் காலில் தங்கியது. மாஸ்டர் ஒருவர் இளைஞனின் கையைப் பிடித்து அடவு பழக்கும்போது, தமக்குப் பழக்கியவரின் உடலையும் அந்த இளைஞனுக்குள் கடத்துகிறார். ஆகவே இங்கே நினைவு என்பது கேட்டு மகிழும் செயலாக மட்டும் இல்லை. திரும்பச் செய்யும் செயலாகவும் இருக்கிறது.

இந்தக் கடத்தலுக்குப் பேரிடியாக வந்தது குடியுரிமைப் பறிப்பு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவு செய்தது; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென 1974இல் தீர்மானிக்கப்பட்டது. குடும்பங்கள் பிரிந்தன. ஹட்டன், தலவாக்கலை நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை, அதில் எழுந்த அழுகையின் காரணமாக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். ரதியின் புலம்பலுக்குப் பழகிய பொட்டலுக்கு வெளியே, ரயில் மேடையிலும் அதே புலம்பல் கேட்டது.

போனவர்களுள் மாஸ்டர்களும் பாட்டுக்காரர்களும் தப்புக் கலைஞர்களும் வேடக்காரர்களும் இருந்தார்கள். தமிழ்நாடு அரசு 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், கூடலூர், கோத்தகிரி பகுதிகளிலும் பலர் குடியேறினர். மலையகத்தில் இருந்துவிட்டவர்கள், போனவர்களின் வேடங்களைத் தாங்கள் கட்டிக்கொண்டார்கள். ஒரு மன்மதன் கடல் கடந்து போனபின் வேறொருவர் காப்புக் கட்டினார். எரிந்தவன் மீள்கிறான் என்ற கதையை, ஆடியவர்களையே இழந்துபோன சமூகம் ஆடிக் காட்டியது. சடங்கின் பொருள் அந்த ஆண்டுகளில் வாழ்க்கையாலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

மறுப்புகளும் அவற்றின் நியாயமும்

காமன் வழிபாட்டுக்கு மறுப்பும் பழைய காலத்திலேயே உண்டு. காமவேளைத் தொழுதால் கணவனோடு சேரலாம் என்று தோழி தேவந்தி சொன்னபோது, அது தனக்குப் பெருமை தராது எனக் கண்ணகி ஒதுக்கியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வேட்கையை வென்ற சிவனை வணங்குவோர், வேட்கையின் தேவனுக்குக் கம்பம் நடலாமா என்று கேட்போர் இன்றும் உள்ளனர். கூத்தின் அமைப்பே இதற்கு விடை தருகிறது. அது காமனின் வெற்றியைக் கொண்டாடவில்லை. தன் கடமைக்காக அழியப்போவதை அறிந்தும் சென்ற ஒருவனையும், அவனை விட்டுக்கொடுக்க மறுத்த ஒருத்தியின் அன்பையும் போற்றுகிறது. அதன் உண்மையான நாயகி ரதி. சிவனின் சினத்தைத் தணித்து அருளாக்குவது அவளுடைய சொல்.

இன்னொரு மறுப்பு கடுமையானது, நியாயமானது. தப்பில்லாமல் காமன் கூத்து இல்லை. ஆனால் தப்படிப்போரைச் சாதியால் தாழ்த்தும் வழக்கம் தமிழகத்திலிருந்து மலைக்கும் வந்தது. தெய்வத்தை வரவழைக்கும் ஓசையை எழுப்பியவர்கள் மதிப்பிழந்து நின்ற தோட்டங்கள் இருந்தன. இழிவின் அடையாளமாகிவிட்டது என்று இளைஞர் சிலர் தப்பைக் கைவிட்டதற்கும் இதுவே காரணம். அதேபோல், ரதியை ஆண்களே ஆடிவந்தார்கள். புலம்பலின் நடையைத் தந்த பெண்கள் ஆட்டக்களத்துக்கு வெளியே நின்றார்கள். காப்புக் கட்டிய எந்த உடலிலும் தெய்வம் நிற்கும் என்பது கூத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முழுமையாகக் கடைப்பிடித்தால், சாதிக்கும் பாலுக்கும் அங்கே தடையாக நிற்க இடமில்லை.

இன்றைய நிலை

மலையக வாய்மொழி மரபைத் தொகுக்கும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டில் தொடங்கின. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டினார். அவருக்குப்பின் சாரல்நாடன், மாத்தளை வடிவேலன் போன்ற எழுத்தாளர்கள் மலையகத்தின் வாய்மொழி இலக்கியத்தையும் பாரம்பரியக் கலைகளையும் எழுத்தில் பதிந்தார்கள். மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தபோது, முன்னோரின் கலைகளும் பேசப்பட்டன.

இதற்கிடையே தோட்டங்களில் ஆள் குறைகிறது. இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகிறார்கள். இரவுகளைக் கூத்துக்கும் பகல்களைக் கூலிக்கும் கொடுக்க எல்லாராலும் முடிவதில்லை. காமன் கூத்தின் பகுதிகள் பாடசாலை மேடைகளிலும் கலைவிழாக்களிலும் சுருக்கி ஆடப்படுகின்றன, ஒளிப்பதிவுகளும் கிடைக்கின்றன. இவை பயனுள்ளவை. அடவு மறையாமல் இருக்கவும், மலையகத்துக்கு வெளியே உள்ளோர் அறியவும் இவை உதவும். ஆனால் மேடையில் எரியும் காமனுக்காக யாரும் பால் தெளிப்பதில்லை. காப்பும் விரதமும் இல்லாத இடத்தில் கதை மிஞ்சும், ஆட்டம் மிஞ்சும், எழுப்புதல் மிஞ்சாது.

காமன் எரிந்தானா என்ற கேள்விக்கு மலையகம் தந்திருக்கும் விடை இதிலிருந்து தெளிவாகிறது. ஆடியவர் ஒவ்வொருவரும் எரிந்திருக்கிறார்கள். முதுமையில், நோயில், நாடு கடந்த பிரிவில். காமன் எரியவில்லை. அடுத்தவர் காப்புக் கட்டும்வரை அவன் ஒடுங்கியிருக்கிறான், கட்டியதும் தோன்றுகிறான். ரதியின் கண்ணுக்கு மட்டும் மன்மதன் தெரிந்ததற்குக் காரணம் அவளுடைய மறவாமை. பழைய ஆட்டக்காரர்கள் மேலுள்ள அன்பும் அத்தகைய மறவாமையே. ஆகவே அது வழிபாட்டின் பகுதி. ஆனால் ரதி நினைத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சிவன் முன் சென்று கேட்டாள், பெற்றாள். அதுபோல, மறைந்த மாஸ்டர்களுக்கும் வேடக்காரர்களுக்கும் செய்யத்தக்க முழுமையான வழிபாடு, அவர்கள் பழக்கிய அடவையும் பாட்டையும் முறையையும் இன்னொரு தலைமுறைக்கு, சாதி பார்க்காமல், ஆண் பெண் என்று பிரிக்காமல் பழக்கிக் கொடுப்பதே.